அடிபட்ட வாத்தியவியல்: ஒரு முன்னாய்வு

"இத்துறையில் இதுவரை எவரும் ஆய்வு செய்ததில்லை" என்ற வாக்கியம் இல்லாமல் தமிழில் ஓர் ஆய்வேடு தொடங்குவது அரிது. அதே தலைப்பில் அதே பல்கலைக்கழக நூலகத்தில் ஏழெட்டு ஏடுகள் தூசி படிந்து கிடப்பது வேறு கதை. மரபை மீற நமக்குத் துணிவில்லை. ஆகவே: கீறல் விழுந்த, நசுங்கிய, ஒருவர் கைபட்டு மறுவிலைக்கு வந்த இசைக்கருவிகளைக் குறைந்த விலைக்கு வாங்குவது குறித்து இதுவரை எவரும் ஆய்வு செய்ததில்லை.

ஆய்வு எல்லை சென்னை மாநகரம். சான்று போதாத இடங்களில் உலகம். ஆய்வு முறை பகுப்பாய்வு, ஒப்பாய்வு, கடைவாசலில் நின்றுகொண்டே இருத்தல். முதன்மைச் சான்றுகள், கடைக்காரர்கள் நம்மிடம் சொன்னவை. துணைமைச் சான்றுகள், அவர்களே அடுத்த வாடிக்கையாளரிடம் சொன்னவை. இவ்விரண்டும் முரண்படும் இடங்களில் விலையேறும் தரப்பே பிற்காலத்தது என்று கொள்ளப்பட்டது. கட்டுரையில் எந்த நெறியாளரின் பெயரும் இணையாசிரியராகச் சேர்க்கப்படவில்லை. எனவே இதனால் எவருக்கும் பதவி உயர்வு கிடைக்காது என்பது தொடக்கத்திலேயே தெரிவிக்கப்படுகிறது.

வகைப்பாடு

பழுது இருவகை: தோற்றப் பழுது, ஒலிப் பழுது. விற்பவர் முதலாவதை மட்டுமே ஒப்புக்கொள்வார். "சும்மா மேல் கீறல் சார், சவுண்டுக்கு ஒண்ணும் ஆகல" (கடைக்காரர், வாய்மொழி). ஒலியில் பழுது கண்டால் அது வாசித்தவரின் பழுது (அதே கடைக்காரர், அதே மூச்சில்).

டிஸ்பிளே பீஸ் என்பது கடையில் தொங்கி, கண்ணாடிப் பக்கம் வெளுத்து, வந்தவர் போனவர் எல்லாரும் அதே நான்கு சுரத்தைத் தட்டிப் பார்த்த வாத்தியம். ஓப்பன் பாக்ஸ் என்பது ஒருவர் வாங்கிப் போய், பிரித்து, வீட்டு நிலவரம் அறிந்து திருப்பித் தந்தது. செகண்ட்ஸ் என்பது தொழிற்சாலையிலேயே வண்ணம் வழிந்தோ மரத்தில் முடிச்சு தெரிந்தோ போனது. கிப்சன் நிறுவனம் இத்தகைய கிட்டார்களின் தலைப் பின்புறத்தில் "2" என்று குத்தி, விலை குறைத்து விற்ற காலம் ஒன்று உண்டு. அந்த இரண்டாந்தரங்களுக்கு இன்று விண்டேஜ் விலை சொல்கிறார்கள். வயதானால் இரண்டாம் வகுப்பில் தேறியவர்களும் பெரியவர்கள் ஆகிவிடுகிறார்கள் என்பதற்குப் பல்கலைக்கழகங்களிலேயே சான்றுண்டு, மேலும் விரிக்கவில்லை.

கீபோர்டு: அடாப்டர் இருக்காது. சென்னையில் கைமாறும் கீபோர்டுகளின் அடாப்டர்களெல்லாம் எங்கே போகின்றன என்பது தனியொரு முனைவர் பட்டத்துக்கு உரியது.

டிரம்ஸ்: அக்கம்பக்கத்தார் போதுமான அளவு சொல்லியிருக்கிறார்கள்.

புல்லாங்குழல்: விரிசல் விட்டது என்றால் பேச ஒன்றுமில்லை.

கீறலின் மெய்ப்பொருள்

கீறல் விலையைக் குறைக்கும் என்பது கடைத்தெரு வழக்கு. அதே கீறல் விலையை ஏற்றும் என்பது வரலாறு. இந்த முரணைத் தீர்க்காமல் மேலே செல்ல இயலாது.

1963இல் அயர்லாந்தின் கார்க் நகரில், பின்னாளில் ராக் கிட்டார் கலைஞராகப் புகழ்பெற்ற ரோரி கல்லகர் பதினைந்து வயதில் 100 பவுண்டுக்கு, அதுவும் கடன் சொல்லி, 1961ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். முதலில் அதைத் தருவித்தவர் சிவப்பு கேட்டிருந்தார். வந்ததோ பழுப்பு சன்பர்ஸ்ட். அதனால் அது கடைக்கே திரும்பி வந்தது. வண்ண மாறுபாட்டால் செகண்ட் ஹேண்ட் ஆன வாத்தியத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. பிறகு கல்லகர் அதை வாசித்து வாசித்து, அந்த வேண்டாத வண்ணத்தையும் ஏறக்குறைய முழுதாக உதிர்த்தார். திருட்டுப் போய், மழையில் பள்ளத்தில் கிடந்து, திரும்பியும் வந்தது. பிற்பாடு ஃபெண்டர் நிறுவனம் என்ன செய்தது என்றால், அந்தத் தேய்மானத்தை அப்படியே படியெடுத்துப் புதுக் கிட்டார்களாக விற்றது.

இது தனியொரு சம்பவம் அல்ல. 1995 முதல் அந்நிறுவனத்தின் கஸ்டம் ஷாப், "ரெலிக்" என்ற பெயரில் ஒரு வரிசையே நடத்துகிறது. புத்தம் புதிதாக ஒரு கிட்டாரைச் செய்து, மெருகேற்றி, அதன்பின் சம்பளத்துக்கு ஆள் வைத்து அதைக் கெடுக்கிறார்கள். பெல்ட் பக்கிள் உரசிய தடம் பின்புறத்தில், முழங்கை தேய்த்த இடம் மேல் விளிம்பில், உலோகத்தில் துரு. கெடாத கிட்டாரைவிடக் கெடுத்த கிட்டாருக்கு விலை அதிகம், ஏனெனில் கூலி இருமடங்கு. ஏட்டுச்சுவடியில் கரையான் அரித்த இடத்தைப் படியெடுப்பவர் புள்ளி வைத்துவிட்டுப் போவார். இவர்கள் கரையானையும் சேர்த்துப் படியெடுக்கிறார்கள். நம் பதிப்பாசிரியர்களிலும் இந்த நெறியைக் கடைப்பிடிப்போர் உண்டு. முந்தைய பதிப்பின் அச்சுப்பிழைகள் அவர்கள் கையில் செம்பதிப்பாகின்றன.

கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில்லின் ஒரு கடையில், அப்போது மவுசு குறைந்திருந்த பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைச் சல்லிசாக வாங்கினார். சிலவற்றை ஜார்ஜ் ஹாரிசன் முதலிய நண்பர்களுக்குக் கொடுத்தார். மிஞ்சிய மூன்றின் நல்ல உறுப்புகளைக் கழற்றி ஒன்றாக்கினார். இதே காரியத்தைப் புதுப்பேட்டையில் மோட்டார் சைக்கிளுக்குச் செய்தால் "ஒட்டு வண்டி" என்று பாதி விலைக்குக் கேட்பார்கள். கிளாப்டனின் ஒட்டுக் கிட்டார் "பிளாக்கி" 2004இல் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது.

ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் வழக்கு இன்னும் கடினமானது. 1953 ஜனவரியில் நியூயார்க் விருந்தொன்றில், நிறுத்தி வைத்திருந்த அவருடைய டிரம்பெட்டின் மேல் யாரோ விழ, அதன் வாய் வானத்தைப் பார்த்து வளைந்துவிட்டது. ஊதிப் பார்த்தார். ஓசை தன் காதுக்கே நன்றாகக் கேட்கிறதென்று கண்டு, அதன்பின் அப்படியே வளைத்துச் செய்யச் சொல்லி வாங்கினார். மேலே விழுந்தவர் நஷ்டஈடு கொடுத்தாரா, உரிமைத் தொகை கேட்டாரா என்பதை இசை வரலாற்றாசிரியர்கள் ஆராயாமல் விட்டது வியப்பே.

இவற்றிலிருந்து பெறப்படும் முதல் விதி: கீறலுக்குத் தனக்கென்று விலை இல்லை, கீறியவர் யார் என்பதற்கே விலை. பாடகர் வில்லி நெல்சனின் மார்ட்டின் கிட்டார், நைலான் கம்பிக்கென்று செய்தது. அதைப் பிக் கொண்டு பல்லாண்டு வாசித்ததில் ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை விழுந்துவிட்டது. அது புனிதத் தலம். வேளச்சேரியில் மாடிப்படி திரும்பும்போது இடித்து விழுந்த துளைக்கு ஆயிரம் ரூபாய் கழிவு. இரண்டும் துளைதான். (இவ்விதிக்கு மறுப்பு: "துளைன்னா துளைதான் சார், யார் போட்டா என்ன, உள்ள கரப்பான் போகும்" — மேற்படி கடைக்காரரின் மைத்துனர், கல்லாவில் அமர்ந்து ஆற்றிய எதிருரை, திருத்திய பதிப்பு.)

லேபிள் கல்வெட்டியல்

பழைய வயலின் வாங்குவோர் எஃப் வடிவத் துளை வழியே டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது வழக்கம். உள்ளே ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதில் அந்தோனியுஸ் ஸ்டிராடிவேரியஸ், கிரெமோனா, 1713 என்று லத்தீனில் அச்சாகியிருக்கும். பார்த்தவருக்கு நெஞ்சு படபடக்கும். மூன்று தலைமுறையாகப் பரணில் கிடந்த வாத்தியம், கோடிகளில் விலை போகும் வாத்தியமோ என்று வீட்டில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அந்தக் காகிதத்தின் அடியிலேயே, சற்றுச் சிறிய எழுத்தில், "மேட் இன் ஜெர்மனி" என்றிருப்பதும் உண்டு.

இது மோசடி அன்று. மாதிரியைக் குறிக்கும் முத்திரை. ஜெர்மனியின் மார்க்நோய்கிர்கென் போன்ற ஊர்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வயலின்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. எந்தப் பெரியவரின் வடிவத்தைப் பின்பற்றினார்களோ அவர் பெயரை உள்ளே ஒட்டினார்கள். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்றது. 1737இல் இறந்த இத்தாலியர், சுங்க அதிகாரிக்குப் பயந்து ஜெர்மானியர் ஆனது இப்படித்தான்.

கல்வெட்டியல் நெறிப்படி நோக்கினால், காலத்தால் முந்திய செய்தியும் பிந்திய செய்தியும் ஒரே கல்லில் இருந்தால் பிந்தியதே காலத்தை முடிவு செய்யும். ஆனால் வயலினை விற்பவர் முதல் வரியோடு வாசிப்பை நிறுத்திக்கொள்வார். தனக்கு உகந்த வரியோடு கல்வெட்டை நிறுத்தும் இந்தக் கலையை அவர் யாரிடம் கற்றார் என்று இங்கே சொல்லத் தேவையில்லை. பானை ஓட்டில் கோடு கண்டால் அதை எழுத்தென்றும், எழுத்தென்றால் பெயரென்றும், பெயரென்றால் தன் ஊர்ப் பெயரென்றும் மூன்றே பத்தியில் போய்ச் சேர்வோர் இருக்க, பரணில் வயலின் கண்டவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

அசல் ஸ்டிராடிவேரியஸே கிடைத்தாலும் சிக்கல் தீராது. 2010இல் இண்டியானாபோலிசில் ஓர் ஓட்டல் அறையில் 21 வயலின்காரர்களுக்கு இருட்டுக் கண்ணாடி மாட்டி, பழைய மரத்தின் வாசனை தெரியாதபடி வாத்தியத்தில் வாசனைத் திரவியம் தடவி, மூன்று புது வயலின்களையும் மூன்று பழங்கால இத்தாலிய வயலின்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் புதியதையே விரும்பினார்கள். யாருக்கும் பிடிக்காமல் கடைசியில் நின்றது ஒரு ஸ்டிராடிவேரியஸ். முடிவு வெளியானதும் மறுப்பு எழுந்தது: ஓட்டல் அறை சரியில்லையாம். பிறகு பாரிசில் கச்சேரி அரங்கிலேயே நடத்தினார்கள். புதியவை அங்கும் தோற்கவில்லை. வேண்டிய விடை வரும்வரை எந்த அறையும் சரியான அறை ஆகாது.

எஃப் கார்டு எல்லைக் கோட்பாடு

இக்கட்டுரையின் தலையாய பங்களிப்பு இதுவே. மற்ற பகுதிகளைப் படிக்காதோரும் இதைப் படித்து மேற்கோள் காட்டலாம்; அதுவே வழக்கமும்கூட.

சென்னையில் மறுவிலைக்கு வரும் அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றை எடுத்துக் கழுத்துப் பகுதியை ஆராய்க. முதல் மூன்று ஃபிரெட்டுகளில் கம்பி பட்டு மெல்லிய பள்ளங்கள் தெரியும். அவற்றுக்கிடையே மரத்தில் விரலழுக்கு படிந்திருக்கும். நான்காவதில் தடயம் அருகும். ஐந்துக்கு அப்பால் மனிதக் குடியேற்றத்தின் அடையாளமே இல்லை. ஃபிரெட்டுகள் தொழிற்சாலைப் பளபளப்போடு அப்படியே இருக்கும். இந்தப் பரவல் ஒரு கிட்டாரில் தற்செயலாக அமையலாம். கடை முழுவதும் அமைந்தால் அது நாகரிகத்தின் எல்லை.

அடுத்து உறையின் முன் ஜிப்பை அகழ்க. மேலடுக்கில் பிக்குகள், ஒன்றின் முனை கடித்த நிலையில். நடு அடுக்கில் மாற்றாமல் விட்ட முதல் கம்பி, காகித உறையோடு, துருவேறி. கீழடுக்கில் நான்காக மடித்த ஜெராக்ஸ் ஒன்று, அதில் கை விரல் வைக்கும் படங்கள்: ஈ மைனர், ஜி, சி, டி. அந்தப் படங்களுக்கு மேல் பென்சிலில் சரி போட்டிருக்கும். ஐந்தாவதாக எஃப். அதற்குமேல் சரி இல்லை. அதே அடுக்கில் பெரும்பாலும் கிட்டார் வகுப்பின் கட்டண அட்டையும் கிடைக்கும். ஏப்ரல், மே முத்திரையுடன், ஜூன் வெறுமையாக.

எஃப் கார்டு என்பது என்ன? ஆட்காட்டி விரலைக் கிடையாகப் போட்டு முதல் ஃபிரெட்டில் ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்திக்கொண்டு, மீதி விரல்களால் வேறு வேலையும் பார்க்க வேண்டும். முதல் நாள் மூன்று கம்பி பேசும், மூன்று கம்பி "டப்" என்னும். மறுநாள் பேசிய மூன்றும் "டப்" என்னும். "எஃப் வந்துருச்சுன்னா எல்லாம் வந்துரும்" என்று வாத்தியார் சொல்வார். எஃப் வராது. ஜூன் வரும். பள்ளி திறக்கும். கிட்டார் கட்டிலுக்கு அடியில் போகும்.

ஆகவே, சென்னையின் செகண்ட் ஹேண்ட் கிட்டார் சந்தை முழுவதும் எஃப் கார்டின் விளைபொருள் என்பது இவ்வாய்வாளர் கொள்கை. இதற்கு எதிர்த்தரப்பும் உண்டு. பொதுத்தேர்வுவாதிகள் எனப்படும் அவர்கள், பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததே கிட்டார் விலைக்கு வந்த காரணம் என்பர். இரு தரப்பாரும் காட்டும் சான்று ஒரே அழுக்கு, ஒரே ஜிப், ஒரே அட்டை. இரண்டையும் சமரசப்படுத்தி, எஃப் வராததால்தான் பிள்ளை படிக்கப் போனது என்று நிறுவிய மூன்றாம் தரப்பை இருவருமே ஏற்கவில்லை. (விரிவுக்கு: பெயர் வெளியிட விரும்பாத கிட்டார் வாத்தியார் ஒருவர், "எஃபும் மாணவனும்", மொட்டைமாடிச் சொற்பொழிவு, மழை வந்ததால் பாதியில் நின்றது. கிடைத்த பாதியிலும் பக்கத்து வீட்டு மிக்ஸியின் இடைச்செருகல் மிகுதி. தெளிவாகக் கேட்கும் ஒரே பகுதி, பாக்கிக் கட்டணம் பற்றியது. அதுவே மூலபாடம் எனத் துணியப்படும்.)

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் எங்காவது ஓரிடத்தில் அது வந்துவிடுகிறது. மலிவுக் கிட்டார்களில் கழுத்தும் தலையும் சேரும் இடத்திலுள்ள "நட்" என்ற சிறு துண்டின் காடிகளைப் பெரும்பாலும் போதிய ஆழம் அராமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் முதல் ஃபிரெட்டில் கம்பி எழும்பி நிற்கும். அங்கே அழுத்துவதற்குத் தேவைக்கு மேல் பலம் வேண்டும். எஃப் கார்டு விழுவதோ அதே முதல் ஃபிரெட்டில். விவரம் தெரிந்த ரிப்பேர்காரர் மெல்லிய அரம் கொண்டு மில்லிமீட்டரில் ஒரு பங்கு இறக்கிக் கொடுத்தால் பாதித் துன்பம் தீரும். அதைச் சொல்லாமல், "விரல்ல பலம் இல்ல" என்று பிள்ளையைச் சொல்லிவிட்டோம். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கிட்டார்களில் ஒரு பகுதி, அந்த அரத்துக்காகக் காத்திருப்பவை. வாங்குபவருக்கு இது லாபம்: விற்பவர் தோல்வியை விற்கிறார், வாங்குபவர் அரம் பிடிக்கும் கூலியோடு ஏறக்குறையப் புதுக் கிட்டாரை எடுத்துப் போகிறார்.

பிற வாத்தியங்கள்

மிருதங்கத்தில் பழையது எது என்பதே தீராத வழக்கு. தோல் தேயும், மாற்றுவார்கள். வார் தளரும், இழுத்துக் கட்டுவார்கள், பிறகு அதையும் மாற்றுவார்கள். வலந்தலையின் கருஞ்சோறு உதிரும், மறுபடி இடுவார்கள். தொப்பிக்கு ரவை ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிது. நிற்பது பலாக்கட்டை ஒன்றுதான். அது தலைமுறை தாண்டும். எனவே பழைய மிருதங்கம் வாங்குவோர் கட்டையை மட்டும் தட்டிப் பார்த்தால் போதும். மற்றதெல்லாம் மரியாதைக்கு.

தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரே பலாமரத்தில் குடைந்தது ஏகாண்ட வீணை. குடம், தண்டி, யாளிமுகம் தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை. மறுவிலையில் ஒட்டு வீணை என்று எதுவும் கிடையாது, எல்லாம் ஏகாண்டம். மெட்டுகள் நிற்கும் மெழுகு வெயிலில் இளகி, சுரங்கள் இடம் பெயர்ந்திருந்தால் அஞ்ச வேண்டாம். மறுபடி மேளம் கட்டிக்கொள்ளலாம். குடத்தில் விரிசல் என்றால் அஞ்சலாம்.

ஆர்மோனியத்தை ஆல் இந்தியா ரேடியோ 1940இல் ஒதுக்கி வைத்தது. 1971வாக்கில்தான் கதவு கொஞ்சம் திறந்தது. கமகத்துக்கு வளையாத நிலைச்சுரம் என்பது குற்றச்சாட்டு. ஒரு வாத்தியம் பிறவியிலேயே செகண்ட்ஸ் என்று அரசாங்கமே முத்திரை குத்திய விவகாரம் இது. அக்காலமெல்லாம் பாடகர்கள் "ஒரு கட்டை", "அஞ்சரைக் கட்டை" என்று அந்த ஒதுக்கப்பட்ட பெட்டியின் கட்டைகளை வைத்துத்தான் தங்கள் சுருதியையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழையதை வாங்கும்போது துருத்தியை அழுத்திக் காற்று நிரப்பி, எந்தக் கட்டையையும் தொடாமல் காது கொடுக்க வேண்டும். தானாகவே ஒரு சுரம் பேசினால் உள்ளே அடைப்பான் சரியாக மூடவில்லை என்று பொருள். ("அது ஆதார சுருதி சார், எக்ஸ்ட்ரா ஃபீச்சர்" — முன்னர் குறித்த கடைக்காரர், இரண்டாம் பதிப்பு, மின்தடையின்போது இருட்டில் வெளியிடப்பட்டது. விசிறிமட்டையால் ஓலைப்பெட்டியில் தட்டிக் காட்டிய அடிக்குறிப்புகளுடன். மைத்துனரின் மறுப்புரை பின்னிணைப்பாகச் சேர்ந்திருந்து, மின்சாரம் வந்தபின் நீக்கப்பட்டது.)

களச்சோதனையும் பேரமும்

கிட்டார் எனில் முதலில் தலைப் பக்கமிருந்து கழுத்தோடு கண் வைத்துப் பார்க்க வேண்டும். மிக லேசான உள்வளைவு இயல்பு. வில் போல் இருந்தால் டிரஸ் ராடைத் திருகினால் சரியாகுமா என்று கேட்க வேண்டும். முறுக்கிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அடுத்து பிரிட்ஜ். சென்னையின் ஈரப்பதத்திலும் மாடி அறை வெப்பத்திலும் பசை விட்டு அது பின்பக்கம் தூக்கியிருக்கும். அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் விலை இறங்கியாக வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரில் குமிழைத் திருகும்போது கரகரத்தால் பயப்படாமல் பயந்தது போல் காட்ட வேண்டும். கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு பீச்சினால் பெரும்பாலும் தீரும் பழுது அது. ஆனால் விலையில் அதற்கு இருநூறு ரூபாயாவது பெறும்.

இவ்வளவையும் கற்றுத் தெளிந்த நிலையில், மேற்கண்ட கோட்பாடுகளை நடைமுறையில் சோதிக்கும் பொருட்டு, இவ்வாய்வாளர் அடிபட்ட கிட்டார் ஒன்றின் முன்னால் நின்று தம் முடிவுகளை வாய்மொழியாகச் சமர்ப்பித்தார். விளிம்பிலிருந்த நீண்ட கீறலைச் சுட்டி, அது ஒரே கையால் ஒரே காலத்தில் விழுந்ததன்று என்று நிறுவினார். மேல் பாதி பெல்ட் பக்கிள் வகை, கீழ்ப்பாதி மாடிப்படி வகை என்றார். ஃபிரெட்டுகளின் அழுக்கைக் காட்டி, உரிமையாளர் மே மாத இறுதியில் வாசிப்பை நிறுத்தினார் என்றார். இத்தகு பழுதுகளால் இதன் மதிப்பு சொன்ன விலையில் பாதி என்று முடித்தார்.

கடைக்காரர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கிட்டாரைக் கையில் வாங்கி, அந்தக் கீறலை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சார், நாங்க இதைச் சும்மா கீறல்னுதான் நெனச்சோம். இவ்ளோ விஷயம் இருக்கா இதுல?"

சீட்டிலிருந்த விலையை அடித்துவிட்டு, ஐந்நூறு ரூபாய் கூட்டி எழுதினார்.